இல்லாத நீளத்தைக் காட்டும் அளவுகோல்: பிராக், பி.டி.எஃப்., எக்ஸாஃப்ஸ்

காலியம் ஆர்சனைடில் காலியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இடையே 2.45 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்). இன்டியம் ஆர்சனைடில் அதே பிணைப்பு 2.62. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்த படிகத்தின் பிராக் உச்சங்களை (படிகம் எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும்போது வரும் கூர்மையான உச்சங்களை) வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2.54 வரும். அந்த நீளத்தில் உள்ளே கிட்டத்தட்ட ஒரு பிணைப்பும் இல்லை!

1982இல் மிக்கெல்சன், பாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் எக்ஸாஃப்ஸ் முறையில் (ஒரு தனிமம் எக்ஸ் கதிரை உறிஞ்சும் விதத்திலிருந்து அதன் அண்டை அணுக்களின் தூரத்தை அறியும் முறை) இதைக் காட்டினார்கள். காலியம் தன் நீளத்தையும் இன்டியம் தன் நீளத்தையும் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்காக பிராக் முறை பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டேன். அது சொல்வது சராசரி. அதை நான்கு தசமம் வரை துல்லியமாகவே சொல்கிறது. குட்டு வெளிப்படும் இடமும் அதிலேயே உண்டு. ரீட்வெல்ட் பொருத்தலில் (படிக மாதிரியை முழுச் சிதறல் வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பதில்) ஆர்சனிக்கின் 'வெப்ப அதிர்வு' மட்டும் பெரிதாக வந்து, படிகத்தை எவ்வளவு குளிர்வித்தாலும் இறங்க மறுத்தால், அது அதிர்வே அல்ல. அணுக்கள் இடம் விலகி உட்கார்ந்திருக்கின்றன. பலர் இந்த எண்ணைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அணு ஜோடிகளின் இடைத்தூரங்களைக் காட்டும் பி.டி.எஃப். முறை, உச்சங்களுக்கு நடுவே கிடக்கும் மங்கலான சிதறலையும் சேர்த்து ஃபூரியர் மாற்றம் செய்கிறது. சிக்கல் எல்லையில்தான். காப்பர் டியூப் வைத்த ஆய்வகக் கருவியில் க்யூ (சிதறல் கோணமும் அலைநீளமும் சேர்ந்து தரும் அளவு) சுமார் 8 வரைதான் போகும். π என்ற எண்ணை 8ஆல் வகுத்தால் 0.39 ஆங்ஸ்ட்ராம், அதைவிட நெருங்கிய இரு தூரங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. நமக்குப் பிரிக்க வேண்டியதோ 0.17. ஒரே திமில்தான் தெரியும். சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் உயர் ஆற்றல் கதிரோடு கடுங்குளிரும் சேர்ந்தபோது அது இரண்டாகப் பிரிந்தது. 1999இல் பெட்கோவ் குழு அதைக் காட்டியது. அப்புறம், தரவைச் சட்டென்று வெட்டினால் வரும் சிற்றலைகளை அணு என்று நம்பிவிடக் கூடாது.

எக்ஸாஃப்ஸ் ஒரு தனிமத்தை மட்டும் பிடித்துக் கேட்கும். தூரத்தை 0.02 ஆங்ஸ்ட்ராமுக்குள் சொல்லிவிடும். அண்டை அணுக்களின் எண்ணிக்கையில் 10 முதல் 20 சதவீதம் தடுமாறும். 5, 6 ஆங்ஸ்ட்ராம் தாண்டினால் பெரும்பாலும் மௌனம்.

சரி, எதை எடுப்பது? ஒரு சதவீதக் கலப்பு அணுவைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால் எக்ஸாஃப்ஸ்தான், பி.டி.எஃப்.பில் அது மற்ற ஜோடிகளின் கூட்டத்தில் தொலைந்துவிடும். விலகல் பத்து, இருபது ஆங்ஸ்ட்ராம் வரை எப்படிப் பரவுகிறது என்றால் பி.டி.எஃப். இரண்டும் முரண்பட்டால் நான் முதலில் சந்தேகிப்பது பி.டி.எஃப்.பின் பின்னணிக் கழித்தலை (மாதிரியிலிருந்து வராத சிதறலைக் கழிக்கும் படியை).