காரோடு வந்த நேவிகேஷன் செட்டைத் திருத்தக் கொடுக்க முன் இதை வாசியுங்கள்: 68,500 ரூபா போய்விட்டது

இன்று மத்தியானம்தான் கடைக்காரர்கள் கடைசியாகப் போனை எடுத்தார்கள். "பழுதான செட்டைத்தானே கொண்டு வந்தனீங்கள், நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். எனக்குக் கை இன்னும் நடுங்குகிறது. ஆறவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் கார்களுக்கு செட், கேமரா, அலாரம் பூட்டிக் கொடுக்கும் ஒரு கடை. அவ்வளவு போதும்.

என்னுடையது 2014ஆம் ஆண்டு ஜப்பான் ஹைபிரிட் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்தபோது வரியோடு சேர்த்து வந்த விலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற காரைத் திருத்தித் திருத்தியே ஓட்டுவோம் என்று வீட்டில் முடிவெடுத்தோம். என்னைப் போல எத்தனையோ பேர். அந்தக் கடைக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

டாஷ்போர்டில் உள்ளது ஜப்பானிலேயே பூட்டி வந்த செட். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. மணிக்கூடு ஜப்பான் நேரத்தில், நம்முடையதைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னே ஓடும். எஃப்எம் 90க்கு மேலே போகாது. வரைபடமும் ஜப்பானுடையதுதான். ஆனாலும் ரிவர்ஸ் கேமரா வேலை செய்தது. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் காரைப் பின்னால் எடுக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

போன மாதம் 12 வோல்ட் பட்டரியை மாற்றினோம். மாற்றி ஸ்டார்ட் பண்ணியதும் திரையில் ஒரேயொரு ஜப்பான் வசனம். ரேடியோ இல்லை, ஒன்றும் இல்லை. போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தால், வரைபட எஸ்டி கார்டைப் போடவும் என்று இருந்தது. கார்டு உள்ளேதான் இருந்தது. அங்கேயே அதை ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நேரே கடைக்குப் போனேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்த இடம் அதுதான். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். தமிழில் பேசியதும் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தி, பிளேன்டீ வரவழைத்தார். "தம்பி ஊரில எவடம்?" என்றார். பருத்தித்துறை என்றேன். "அட, எங்கட அம்மாவும் அங்கதான்" என்று சொல்லி, அம்மாவின் வீடு எந்தப் பக்கம் என்று கூடச் சொன்னார். பிறகு மேசையில் இருந்த ஒரு செட்டைப் போட்டுக் காட்டினார். திரையில் காலி வீதி, வெள்ளவத்தைச் சந்தி, எல்லாம் ஆங்கிலத்தில். "உங்கட செட்டையும் இப்பிடியே ஆக்கித் தாறன். போர்டைக் கழற்றி சொஃப்ட்வெயர் மாத்தோணும், இலங்கை மேப் போடோணும். எங்கட பிள்ளையளுக்கு நான் பிழை செய்வனே?"

என் தங்கை இப்போதுதான் கார் ஓடப் பழகியிருக்கிறாள். தினமும் மாலபேக்குப் போய் வருகிறாள். மடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து வழி பார்க்கிறாள் என்று அம்மாவுக்கு ஒரே பயம். திரையிலேயே மேப் வந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். அங்கேயே 40,000 ரூபா எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "முடிய ஒரேயடியா எழுதித் தாறன்" என்றார். அந்த அம்மாவின் கதையைக் கேட்ட பிறகு, திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. மேப்புக்குரிய கோட் நம்பரை வெளிநாட்டில் வாங்க வேண்டுமாம், டொலர் ஏறுகிறதாம், மிச்சத்தை இன்றைக்கே போடச் சொன்னார். 28,500 ரூபாவை பாங்கில் போட்டேன். மொத்தம் 68,500.

அதன் பிறகு நடந்ததெல்லாம் இழுத்தடிப்புத்தான். செட் செய்கிற பொடியன் ஊருக்குப் போய்விட்டான். மறுநாள் போயா விடுமுறை. கோட் வந்துவிட்டது, ஆனால் வேறு மொடலுக்கு வந்துவிட்டது. ஒரு கிழமை கழித்துக் காரை எடுத்துப் போகச் சொன்னார், திரையில் அதே ஜப்பான் வசனத்தோடு. "கோட் ராத்திரிக்கு வரும், நாளைக்கு வாங்கோ, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். நாளைக்குப் போனால் முதலாளி இல்லை. வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கு நீலக் குறி விழும், பதில் வராது. தங்கையின் நம்பரில் இருந்து எடுத்தால் உடனே எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். நேற்று அவரிடம் காட்டினேன். செட்டை வெளியே இழுத்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். ஜிபிஎஸ் அன்டெனாவின் வயரும் ரிவர்ஸ் கேமராவின் வயரும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த கார்டு வெறும் கார்டு. ஜப்பானில் இருந்து வந்த ஒரிஜினல் கார்டைக் காணவில்லை. அது இல்லாமல் இந்த செட்டில் ரேடியோ கூட வேலை செய்யாது என்றார். கடையில் எனக்குக் காட்டியது ஜப்பான் செட்டே இல்லையாம். சாதாரண அன்ட்ரொயிட் பிளேயராம். என்னுடைய செட்டுக்கு இலங்கை மேப் என்று ஒன்று கிடையவே கிடையாது, அதை விற்கிறேன் என்று சொன்னதே பொய் என்றும் சொன்னார். வயர்களைச் செருகித் தந்ததற்கு 2,000 ரூபா எடுத்தார். அது நியாயமான காசு.

68,500 ரூபா. அம்மாவின் இரண்டு மாத மருந்துச் செலவு அதற்குள் அடங்கும். காசை விட, அந்தப் பருத்தித்துறைக் கதைதான் நெஞ்சில் நிற்கிறது. அது உண்மையா என்பதும் இப்போது தெரியவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பட்டரி மாற்ற முன் செட்டில் உள்ள கார்டையும் செட்டின் நம்பரையும் படம் எடுத்து வையுங்கள். கார்டைக் கழற்றிப் பார்க்கிறவர் உங்கள் கண் முன்னால் பார்க்கட்டும், காரை விட்டுவிட்டு வராதீர்கள். அப்புறம் பில், கட்டாயம் பில், முதல் ரூபாவுக்கே. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்தேன், முறைப்பாட்டை எழுத்தில் தரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது 28,500க்கான பாங்க் ரிசீட் மட்டும். 40,000க்கு ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

திங்கட்கிழமை காலை எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். குறைந்தது அந்தக் கார்டையாவது கையில் வாங்காமல் வெளியே வர மாட்டேன்.