மோட்டாரை எதோடு கட்டுவது? கராஜ் இல்லாத தோட்டப்புற வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. வீடுகளின் அமைப்பு மாறவில்லை. தோட்டத்து லயன் வீடுகள், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வாங்கிய மலிவு விலைத் தரைவீடுகள், யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் மாடி வீடுகள்: இவை எதிலும் கராஜ் என்று ஒன்று கிடையாது. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடும் அரிது. பெரும்பாலும் கப்சாய் எனும் சிறிய ரக வண்டிதான். அப்பாவுக்குப் பழைய ஹோண்டா இஎக்ஸ்5, மகனுக்குத் தவணையில் எடுத்த யமஹா ஒய்15. தவணை முடியும் முன்னே வண்டி களவு போனால் வண்டிதான் போகும், தவணை அப்படியே நிற்கும்.

பூட்டு வாங்கப் போகும் முன் திருட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. இஎக்ஸ்5 ஏறத்தாழ 100 கிலோ, ஒய்15 அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி வேனில் போட்டுவிடலாம். பல நேரங்களில் தூக்கவும் வேண்டியதில்லை. கைப்பிடிப் பூட்டை முறித்துவிட்டு ஒருவன் ஏறி உட்கார, கூட்டாளி தன் மோட்டாரில் இருந்தபடி காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறான். இயந்திரச் சத்தமே கேட்காது. வண்டியை வண்டியோடு பூட்டும் எந்தப் பூட்டும், அது கைப்பிடிப் பூட்டோ டிஸ்க் பூட்டோ, வேனில் ஏற்றுவதைத் தடுக்காது.

ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். வண்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது? விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) கிளம்புகிறவர் அந்த வேலையைத் தினமும் சலிக்காமல் செய்வாரா? இரண்டாவது கேள்வியில் தோற்கும் பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மூன்றாம் மாதம் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முன்கூடத்தில் ஏற்றி வைப்பது

எங்கள் பக்கத்தில் பலர் செய்வது இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாசற்படியில் பலகையைச் சாய்த்து, மோட்டாரை உள்ளே உருட்டி, நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே நிறுத்தி, கிரில்லைப் பூட்டிவிட்டுப் படுப்பார்கள். களவைத் தடுப்பதில் இதற்கு ஈடான வழி இல்லை. ஆள் படுத்திருக்கும் வீட்டுக்குள் புகுந்து நூறு கிலோ இரும்பை அரவமில்லாமல் வெளியேற்றும் துணிச்சல் எல்லாத் திருடருக்கும் இருப்பதில்லை. செலவும் ஒரு பலகையோடு முடிந்துவிடுகிறது.

இருந்தும் இதை நான் மனமாரப் பரிந்துரைப்பதில்லை. காரணம் பெட்ரோல் ஆவி. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து பரவும். பழைய கார்புரேட்டர் வண்டியில் மிதவை ஊசி தேய்ந்துவிட்டால் பெட்ரோல் இரவு முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கும். அதே தரையில்தான் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு எரிகிறது, குளிர்பதனப் பெட்டி அடிக்கடி தானாக ஓடி நிற்கிறது, கொசுவர்த்திக்கு யாரோ தீக்குச்சி கிழிக்கிறார்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றவே கூடாது. முதலில் கடையில் விட்டுக் கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள், பிறகு இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, வழி. நடு வரிசை வீட்டில் முன்வாசலை விட்டால் சமையலறைக் கதவு மட்டுமே. முன்வாசலுக்கு நேரே மோட்டார், அதற்கப்பால் பூட்டிய கிரில், சாவி சாமி மேடையின் மேல். நள்ளிரவில் புகை சூழ்ந்தால் பாட்டி எந்தப் பக்கம் போவார்? உள்ளேதான் நிறுத்துவது என்றால் சுவரோரமாக, ஆள் நேராக நடந்து போகுமளவு இடம் விட்டு நிறுத்துங்கள். கிரில் சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள், ஆனால் வெளியிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.

அளவையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கப்சாயின் கைப்பிடி 70 செ.மீ. அளவுக்குள் அடங்கும், மூன்றடிக் கதவில் தாராளமாக நுழையும் என்று கணக்கு சொல்லும். பல வீடுகளில் இரட்டைக் கிரில்லின் ஒரு பாதி மட்டுமே திறந்து பழக்கம். மறுபாதியின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடக்கும். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அளந்து பாருங்கள். மழையில் நனைந்து வந்த டயர் டைல் தரையில் வழுக்கும் என்பதையும், அணைத்த பிறகும் புகைக்குழாய் நெடுநேரம் சுடும் என்பதையும் தவழும் குழந்தை இருக்கும் வீட்டார் மறக்கக்கூடாது.

கிரில் கூண்டு

முன்தாழ்வாரத்தைக் கிரில் போட்டு அடைத்துவிடுவது தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வீட்டுக்காரர்களின் வழி. சொந்த வீடாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன், ஆனால் கூண்டு மட்டும் போதாது. "அண்ணே, அழகுக்கா, காவலுக்கா? அதை முதலில் சொல்லுங்கள்," என்று எங்கள் ஊர் வெல்டிங்காரர் அளவு எடுக்கும் முன்பே கேட்பார். அழகுக்கு என்றால் மெல்லிய வெற்றுக் குழாய், பூ வேலைப்பாடு. காவலுக்கு என்றால் கனமான கம்பி. வெற்றுக் குழாயின் உள்ளே நீர் புகுந்தால் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே சாயம் பளபளவென்றிருக்க, அடிப்பாகம் விரலால் அழுத்தினாலே உதிரும்.

கூண்டில் கம்பியைவிட மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கதவின் கீல். கீலின் முளையைக் கீழிருந்து தட்டிக் கழற்ற முடிந்தால் கதவில் எத்தனை பூட்டு தொங்கினாலும் பயனில்லை. முளையின் தலையையும் அடியையும் பற்றவைக்கச் சொல்லுங்கள். அடுத்தது பூட்டு தொங்கும் இடம். அதைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி இருந்தால் கை நுழையும், போல்ட் கட்டரின் நீண்ட வாய் நுழையாது. கடைசியாக, கிரில்லுக்கும் தகரக் கூரைக்கும் இடையே விடும் சந்து. காற்றோட்டத்துக்கு என்று ஒன்றரை அடி விட்டால், அதன் வழியே ஆளும் ஏறிக் குதிப்பான். அங்கேயும் கம்பி வேண்டும்.

கனமாகச் செய்தால் செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். கூரையை நீட்டுவதாக இருந்தால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும், வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். பழக்கத்தில் இதற்கு முழு மதிப்பெண். உருட்டி உள்ளே விட்டு ஒரே பூட்டு போட்டால் முடிந்தது. ஆவி வெளியேறக் காற்று இருக்கிறது, மழையும் படாது. குறை ஒன்றுதான். கூண்டைத் திறந்துவிட்டவனுக்கு உள்ளே இருப்பது கட்டப்படாத வண்டி.

தரை வளையமும் சங்கிலியும்

மாட்டுக்கு முளை அடிப்பது போலத்தான். சிமெண்டுத் தரையில் இரும்பு வளையத்தைப் பதித்து, அதில் சங்கிலியைக் கோத்து, வண்டியின் சட்டத்தோடு பூட்டுவது. கூண்டின் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். கூண்டுக்குள்ளே இதையும் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு அதிகமில்லை.

ஆனால் தரையைச் சோதிக்காமல் வளையம் வாங்காதீர்கள். மலிவு விலை வீடுகளின் முற்றத்தில் சிமெண்டுப் பூச்சு மெல்லியதாகவே இருக்கும். அடியில் மண் இறங்கிப் பொள்ளலாகக் கிடக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி எழுந்தால் அங்கே விரியும் போல்ட் பிடிக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, வளைத்த தடிக் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிடலாம். கான்கிரீட் முழு வலிமை பெற 28 நாள் என்பது கட்டுமானக் கணக்கு. ஒரு வாரமாவது இழுக்காமல் விடுங்கள். தரை கெட்டியாக இருந்து போல்ட் போடுவதானால் விளிம்பை விட்டு நன்றாகத் தள்ளித் துளையிடுங்கள், இல்லையென்றால் மூலை பிளந்துகொண்டு வரும். போல்ட்டின் தலை ஸ்பானருக்குச் சிக்காதபடி பற்றவைத்து மூடவும் வேண்டும்.

சங்கிலியின் தடிப்பில் பலர் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்டதால் கனமாகத் தெரிவது உள்ளே 8 மி.மீ. கம்பியாக இருக்கும், அதைக் கையால் இயக்கும் போல்ட் கட்டர் எளிதில் கடித்துவிடும். 16 மி.மீ. கடின எஃகு என்றால் கிரைண்டர் வேண்டும், கிரைண்டர் என்றால் சத்தமும் தீப்பொறியும். பேட்டரி கிரைண்டருக்கு முன் எந்தச் சங்கிலியும் நெடுநேரம் தாங்காது என்பது உண்மைதான். திருடனை அவ்வளவு சத்தம் போட வைப்பதுதான் நாம் வாங்கும் பயன். பிரிட்டனின் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் பிரிக்கிறது. இணையத்தில் வாங்குகிறவர்கள் மோட்டார் சைக்கிளுக்கான தங்கமோ வைரமோ இருக்கிறதா என்று பார்க்கலாம். 'திருடவே முடியாது' என்று பெட்டியில் அச்சடித்திருப்பது தரச்சான்று ஆகாது.

கப்சாயில் இன்னொரு சிக்கல். சட்டம் முழுவதும் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பதால் தடிச் சங்கிலி நுழைய இடமே தெரியாது. முன்சக்கரத்தில் மாட்டாதீர்கள், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுபோவார்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையையும் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள். சங்கிலி தரையில் படாமல் இறுக்கமாக நிற்கட்டும். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடையைக் கொடுத்து அழுத்த முடியும், சுத்தியலால் அடிக்கவும் முடியும். பூட்டின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் தங்காது. இந்தத் தடிப்பில் ஒன்றரை மீட்டர் சங்கிலி ஏழெட்டுக் கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம், வளையத்திலேயே கிடக்கட்டும்.

லயன் வீட்டில்

லயன் வீடு தோட்டத்தின் சொத்து. நிர்வாகத்தைக் கேட்காமல் தரையைத் துளைக்க முடியாது. கேட்டாலும் பழைய சிமெண்டு பொடிந்துதான் வரும். அதற்குப் பதில் இங்கே தாமானுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. தோட்டத்துக்குள் வரப் போகப் பெரும்பாலும் ஒரே வழி, வாசலில் ஜாகா (காவலாளி), தடுப்புக் கம்பம். நள்ளிரவில் வேன் நுழைந்தால் கேள்வி எழும். செம்பனைக்குள் ஓடும் மண்பாதைகள் வழியாக மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போவதை மட்டும் ஜாகா பார்க்க முடியாது.

இதற்கு ஒரு தோட்டத்து வைத்தியம் இருக்கிறது. பழைய லோரி டயரின் அடியில் பலகை வைத்து, நடுவில் கம்பி வளையத்தை நிறுத்தி, கான்கிரீட்டால் நிரப்பிவிடுவது. 40 லிட்டர் கான்கிரீட் சுமார் 96 கிலோ. வண்டியோடு பூட்டினால் மொத்தம் 200 கிலோ, பிடித்துத் தூக்க வசதியில்லாத வடிவத்தில். உருட்டவும் முடியாது, காலால் உந்தவும் முடியாது. வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்லலாம், அதற்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். தாழ்வாரத்தில் அழகாக இருக்காது என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். தரை வளையத்துக்கு அடுத்த இடத்தை நான் இதற்குத்தான் தருகிறேன்.

மற்ற இடங்கள்

அடுக்குமாடியில் படிக்கட்டின் அடியில் நிறுத்துவதை விட்டுவிடுங்கள். அது தீயின்போது எல்லாரும் ஓடிவர வேண்டிய வழி. கம்பித் தடுப்பில் சங்கிலி கோப்பவர்கள் சங்கிலியைப் பார்க்கிறார்களே தவிரக் கம்பியைப் பார்ப்பதில்லை. உடைவது எப்போதும் மெல்லியதுதான். நம்பிக்கையான அண்டை வீட்டார் இருந்தால் இரண்டு வண்டிகளைத் தலைமாற்றி நிறுத்தி ஒரே சங்கிலியில் பிணைக்கலாம். ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்குப் பகல் வேலை என்றால் இது ஒரு வாரம்கூட ஓடாது.

பின்புறம், அதாவது சமையலறையை ஒட்டிய இடம், மூலை வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே சரி. மற்ற வீடுகளின் பின்சந்தில் விளக்கு இருக்காது, ஆள் நடமாட்டமும் இருக்காது. திருடன் விரும்புவதும் அந்த இருட்டைத்தான். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் கனமழைக் காலத்தில் தண்ணீரும் வந்துவிடும்.

மின்னணுச் சாதனங்கள் எதையும் கட்டிவைப்பதில்லை, சேதி மட்டுமே சொல்லும். அலாரம் பூனை ஏறினாலும் அலறும், மாலை இடிக்கும் அலறும். பத்தாவது முறை யாரும் சன்னலைத் திறந்து பார்க்க மாட்டார்கள். கப்சாயின் பேட்டரி சிறியது, வண்டியை எடுக்காமல் விட்டால் அலாரமே அதைக் காலி செய்துவிடும். ஜிபிஎஸ் கருவி நல்லதுதான். ஆனால் வண்டி தகர அடைப்புள்ள லோரிக்குள் போய்விட்டால் திரையில் கடைசியாகத் தெரிந்த சாலையோடு கதை நிற்கும். கேமராவை முகமும் எண்தகடும் விழும் உயரத்தில் மாட்ட வேண்டும். கூரை உச்சியில் மாட்டினால் தலைக்கவசத்தின் மேல்பாகம்தான் பதிவாகும். வாகனத் திருட்டுக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவில் 1 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பிரிவு பாய ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

தைப்பூசத்துக்கு வீட்டோடு பத்துமலைக்குக் கிளம்பும் இரவு மட்டும் கணக்கு வேறு. கூண்டும் வளையமும் இருந்தாலும் அன்றைக்கு மோட்டாரை உள்ளே ஏற்றிவிடுங்கள். குத்துவிளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

காப்புறுதியைப் பூட்டு வாங்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். சாலை வரி புதுப்பிக்கும்போது மலிவாக எடுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வண்டி களவு போனால் ஒரு காசும் தராது. தீயும் திருட்டும் சேர்ந்த காப்புறுதியோ முழுக் காப்புறுதியோ இருந்தால்தான் இழப்பீடு கேட்க முடியும். வண்டியின் சட்ட (சேசிஸ்) எண்ணையும் இயந்திர எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்த எண்களைத்தான் கேட்பார்கள்.