மேல்வெயில் அறைக்கு அடித்த பெயின்ட், ஐந்து கோடைக்கு அப்புறம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறை வடமேற்கு மூலையில் இருக்கிறது. மேற்கே பெரிய ஜன்னல், வடக்கே சின்னதாக ஒன்று. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வரும் வெயில் ஆறு மணிக்குத்தான் கிளம்பும். 2021 தை மாதம் பெயின்ட் அடித்தோம். ஐந்து கோடை தாண்டியாயிற்று, இனி தைரியமாக எழுதலாம்.

முதலில் நான் எடுத்தது வெண்ணெய் மாதிரி ஓர் இளமஞ்சள். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சம், கையில் தீப்பெட்டி அளவு ஷேடு அட்டை. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. பெயின்டர் கிழக்குச் சுவரில் ஒரு கோட் அடித்தார். காலையில் நன்றாகத்தான் இருந்தது. மூன்றரை மணிக்கு மாடியேறி வந்த அம்மா வாசலிலேயே நின்று, "ஏல, சுவருக்கு மஞ்சக்காமாலையா வந்திருக்கு?" என்றாள். சாயங்கால வெயிலே மஞ்சள். அது மஞ்சள் சுவரில் பட்டால் கேட்கவா வேண்டும்?

அடுத்து நீலச் சாம்பல் எடுக்கலாம் என்றேன். பெயின்டர் சிரித்தார். "அண்ணாச்சி, சொல்லுதேன்னு கோவிக்கக்கூடாது. கலரு சுவத்துல இல்ல, தரையில கெடக்கு" என்றார். அப்பா காலத்து ரெட் ஆக்ஸைடு தரை அது. அவர் ஒரு ஹார்ட்போர்டு பலகையில் அந்த நீலச் சாம்பலை இரண்டு கோட் அடித்துச் சுவரோரம் சாத்தி வைத்தார். நாலு மணிக்கு வெயில் தரையில் கட்டம் கட்டி விழுந்தது. பலகையின் கீழ்ப்பாதி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. மேல்பாதி மட்டும் கடையில் பார்த்த நீலச் சாம்பலாகவே நின்றது. தரையில் பட்ட வெயில் சிவப்பை அள்ளிச் சுவரில் தெளிக்கிறது. எதிர்வீட்டுச் சுவர் ஜன்னலுக்கு நேரே இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கடைசியில் வெள்ளையில் சாம்பலும் ஒரு துளிப் பச்சையும் கலந்த ஷேடு. அந்தப் பச்சைதான் தரைச் சிவப்பை அமுக்குகிறது. சில ஷேடு புத்தகங்களில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு; 0 என்றால் கருப்பு, 100 என்றால் வெள்ளை. நான் எடுத்தது 70-ஐ ஒட்டியது. தூய வெள்ளை அடித்திருந்தால் மூன்று மணிக்குக் கண் கூசியிருக்கும். ஜன்னல் இருக்கிற சுவருக்கு மட்டும் ஒரு படி வெளுப்பான ஷேடு அடித்தோம். வெளியே பளீரென்று இருக்கும்போது ஜன்னலைச் சுற்றிய சுவர்தான் இருட்டாகத் தெரியும்.

இனி நான் ஏமாந்த கதை. மகள் ஒரு சுவராவது ரோஸ் வேண்டும் என்றாள். தெற்குச் சுவரில் வெயிலே விழவில்லையே என்று அதில் அடித்துக் கொடுத்தோம். அது தை மாதக் கணக்கு. அப்போது சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் ஜன்னல் வழியாக வரும் வெயில் வடக்கு ஓரமாக விழும். சித்திரை பிறக்கிற சமயம் நடுப்பகல் சூரியன் நம் ஊரில் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அப்புறம் ஆவணி நடுவரை வடபக்கம்தான். சாயங்கால வெயில் வடமேற்கிலிருந்து சாய்ந்து வந்து நேராகத் தெற்குச் சுவரில் உட்கார்ந்துவிட்டது. வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதை நம்ப வேண்டாம். எங்கள் வடக்கு ஜன்னல் வழியாகவும் அந்த மாதங்களில் வெயில் வருகிறது.

மூன்றாம் வருஷம் காலண்டரைக் கழற்றினால் பின்னால் பளிச்சென்று ஒரு ரோஸ் சதுரம், சுற்றிலும் சோகை பிடித்த சுவர். வாசலில் அடிக்கிற காவி இரும்பு ஆக்ஸைடு வகை, வெயிலுக்கு அசையாது. பளபளக்கிற சிவப்பு, ரோஸ், மஞ்சளில் பலவற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து டச்-அப் செய்து பார்த்தேன். பத்துப் போட்ட மாதிரி ஆயிற்று. இப்போது அங்கே காலண்டர் இரண்டு தொங்குகிறது. மற்ற மூன்று சுவர்களிலும் படத்தைக் கழற்றினாலும் அடையாளம் தெரியவில்லை.

பளபளப்பு வேண்டாம் என்று மேட் ஃபினிஷ் எடுத்தது நல்லதாகப் போயிற்று. சாய்வாக வெயில் படும்போது, பெயின்டுக்கு அடியில் சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டியில் இருக்கிற அலையெல்லாம் எழுந்து நிற்கும், பளபளப்பு இருந்தால் இன்னும் மோசம். அதற்காகவே பெயின்டர் இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பட்டியைத் தேய்த்தார். குறை என்றால், ஆனி ஆடிக் காற்றில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் புழுதி மேட் சுவரில் அப்பிக்கொள்கிறது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்த இடம் மட்டும் மினுமினுக்கிறது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி அப்படி ஒரு வட்டமே இருக்கிறது.

சூடு குறைந்ததா என்று பலர் கேட்டார்கள். இல்லை. உள்சுவர் நிறத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளை அடித்த பிறகுதான் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது.

தெற்குச் சுவரை வரும் தையில் மாற்றப்போகிறோம். மகள் இந்தத் தடவை செங்கல் நிறம் கேட்கிறாள். அது காவிச் சாதிதானா என்று கேட்டுத்தான் டப்பா வாங்க வேண்டும். பலகையை இப்போதே பரணிலிருந்து இறக்கி வைத்தாயிற்று.