குழு உளவியல் ஆன்லைன் வகுப்பு: முன்பாதிக்காகவே சேரலாம்

வெகுகாலமாகத் தொழிற்சங்க வேலை பார்க்கிறேன். பேரவைக் கூட்டத்தில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் மறுநாள் வாயிற்கூட்டத்துக்கு வருவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் குழு அடையாளம், கூட்டுச் செயல்பாடு பற்றிய இந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

முன்பாதி அருமை. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட சோதனையை ஆசிரியர் வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை, நம்மையே செய்ய வைக்கிறார். பள்ளிச் சிறுவர்களை ஒன்றுமில்லாத காரணத்துக்காக இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். உனக்குப் பிடித்தது கிளேயின் ஓவியமா, காண்டின்ஸ்கியின் ஓவியமா என்பது அப்படி ஒரு காரணம். உண்மையில் அந்தப் பிரிப்பும் குலுக்கல்தான். அப்புறம் ஓர் அட்டவணை; நம் குழுக்காரர் ஒருவருக்கும் மற்றக் குழுக்காரர் ஒருவருக்கும் புள்ளி கொடுக்க அதில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முனையில் நம் குழுக்காரருக்கு 7 புள்ளி, மற்றவருக்கு 1; மறுமுனையில் நம்மவருக்கு 19, மற்றவருக்கு 25. நம்மவருக்கு நிறையக் கிடைக்க வேண்டுமென்றால் 19-ஐத்தானே எடுக்க வேண்டும்? சிறுவர்களில் பலர் முந்தியிருப்பதற்காக நம்மவர் பங்கையே குறைத்துக்கொண்டார்கள். நான் நிரப்பியபோது என் விரல் நம்மவருக்கு 12, மற்றவருக்கு 11 என்ற கட்டத்தில் போய் நின்றது. முகம் தெரியாத யாரோ இருவருக்காக! தொழிற்சாலையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நடக்கும் போட்டியை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மக்கள் கூட்டம் பற்றிய பாடமும் நன்று. கூட்டத்தில் சேர்ந்தால் மனிதன் அறிவிழக்கிறான் என்று 1895-இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் எழுதியதை இன்றும் பலர் நம்புகிறார்கள். 1980-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் வேறு ஒன்றைக் கண்டார். அங்கே கோபத்தின் குறி போலீஸ். கலவரம் அந்தப் பகுதியின் எல்லையைத் தாண்டிப் பரவவில்லை. ‘நாங்கள் இந்தப் பகுதிக்காரர்கள்’ என்ற உணர்வே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரம்பு கட்டியது. ஊர்வலம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு பாடத்தையாவது பார்க்க வேண்டும்.

‘எனக்குக் குறைவு’ என்ற மனக்குறையும் ‘நமக்குக் குறைவு’ என்ற மனக்குறையும் வேறு வேறு என்று சமூகவியலாளர் ரன்சிமன் 1966-இல் பிரித்துக் காட்டியதைச் சுருக்கமாக, சரியாகச் சொல்கிறார்கள்.

பின்பாதியில்தான் எனக்கு வருத்தம். பொருளியல் அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-இல் சொன்ன கணக்குக்கே நீண்ட நேரம் போகிறது: ஊதிய உயர்வு எல்லோருக்கும் கிடைக்கும் என்றால் நான் ஏன் சந்தா கட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் வராதவர் எல்லாம் சுயநலக்காரர் என்ற எண்ணத்தைப் பாடம் அப்படியே விட்டுவிடுகிறது. எனக்குத் தெரிந்து வராமல் இருப்பவர்கள், சக தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டணம் கட்டக் கடன் வாங்கிக் கொடுப்பவர்கள். போன வேலைநிறுத்தம் தோற்றதைப் பார்த்தவர்கள். அவர்களிடம் இல்லாதது நம்பிக்கை.

இதைப் பேசும் ஆய்வு இருக்கிறது. வான் சோமெரன், போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் ஒரு விளக்க மாதிரியை முன்வைத்தார்கள். அநீதி உணர்வு, நம்மால் முடியும் என்ற எண்ணம், குழு அடையாளம் ஆகிய மூன்றும் போராட்டத்துக்கு வழிவகுக்கின்றன. அடையாளம் நேரடியாகவும், மற்ற இரண்டின் வழியாகவும் வேலை செய்கிறது. இத்தனைக்கும் வகுப்பில் ஒரே ஒரு ஸ்லைடு! சங்கக்காரர்களுக்கு வேண்டியதே அதுதான். தேர்விலும் ஆண்டுகளைத்தான் கேட்கிறார்கள். ஒரு சூழலைக் கொடுத்து ‘இங்கே எது குறைகிறது’ என்று கேட்டிருக்கலாம்.

ஒலி தெளிவு, பாடங்கள் அளவானவை, பாதியில் நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஓல்சன் பாடத்தை வேகமாக ஓட்டிவிட்டு, 2008 ஸ்லைடில் நிறுத்தி உங்கள் குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் கிளையில் அடுத்த வாயிற்கூட்டத்துக்கு முன்பு, போன முறை வென்ற சின்னக் கோரிக்கைகளை முதலில் படிப்பது என்று முடிவானது அப்படி உட்கார்ந்தபோதுதான்.