ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, 6ஆம் பதிப்பு (2007)

சொற்பிறப்பு படிக்கும் தஞ்சை, குடந்தை மாணவர்கள் தாராளமாக வாங்கலாம். இரண்டு தொகுதிகள்: ஏ–எம், என்–இஸட்.

'ஷேர்' எடுத்துப் பாருங்கள். பங்கு ஒரு பதிவு; வயலில் மண்ணைக் கிழிக்கும் ஏர்க்கொழு தனிப் பதிவு. இரண்டுக்கும் அடியில் 'வெட்டு' என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர். ஆட்டுரோமம் கத்தரிக்கும் 'ஷியர்' அதே வேரில் பிறந்த வினைதான். 'ஷார்ட்' (குட்டை), 'ஷர்ட்' நெருங்கிய உறவு; 'ஸ்கர்ட்', 'ஸ்கோர்' பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியப் பழமொழி அல்ல, பண்டை மொழி) வழி வந்த பங்காளிகள். முதல் பதிவோடு மூடினால் பாதிக் குடும்பம் விட்டுப்போகும்.

சொல் முதலில் பதிவான காலத்தைச் சொல்லும் காலக்குறியைக் கவனியுங்கள். 'ஓ.இ.' (OE, பழைய ஆங்கிலம்) 1150க்கு முற்பட்டது. 'இ16' (E16, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) என்றால் 1500–1529 மட்டுமே, நூற்றாண்டு முழுவதும் அல்ல.

தாள் மெல்லிசு, எழுத்து பொடி. ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறும். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பழைய பிரதி வாங்கினால் இரண்டு தொகுதியும் ஒரே பதிப்பா என்று பார்த்துக் காசு கொடுங்கள்.