லியோனா, ஸ்ட்ராஸ்பூர்க்கா? மூன்று ராத்திரி கையில் இருந்தால்

அக்காவும் அத்தானும் ஜூன் மாதம் சென்னையிலிருந்து எங்களிடம் வந்திருந்தார்கள். பாரிஸை ஒரு வாரம் சுற்றி முடித்ததும், "இன்னொரு ஊர் பார்க்கணும், பழைய ஊரா இருக்கணும், ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியாது" என்றாள் அக்கா. அந்தக் கணக்குக்குள் வருகிற, எனக்குப் பழக்கமான ஊர்கள் இரண்டு: லியோன், ஸ்ட்ராஸ்பூர்க். லியோனுக்குக் கூட்டிப்போனேன். அதற்கப்புறம் இரண்டு நண்பர்கள் இதே கேள்வியைக் கேட்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. என் மனசு லியோன் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லியோனுக்கு நான்கு தடவை போயிருக்கிறேன். ஸ்ட்ராஸ்பூர்க்கில் தங்கியது மொத்தமே இரண்டு ராத்திரி, இரண்டும் டிசம்பரில். அந்த ஊரைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதிவேக ரயிலில் ஸ்ட்ராஸ்பூர்க் ஒன்றே முக்கால் மணி நேரம், லியோன் இரண்டு மணி நேரம். ஸ்ட்ராஸ்பூர்க் ரயில் கிளம்பும் கார் த லெஸ்ட் நிலையம் பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் இருக்கும் தமிழ்க் கடைகளிலிருந்து நடக்கிற தூரம்தான், போகிற வழியில் வடையும் சோறும் கட்டிக்கொண்டு ஏறலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பகல் பொழுதை மட்டும் பார்த்தால் ஸ்ட்ராஸ்பூர்க் ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆறு சுற்றி ஓடும் சின்னத் தீவுக்குள் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. இளஞ்சிவப்புக் கல்லில் எழுந்த பேராலயம், ஒற்றைக் கோபுரம், 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது இதுதான். உள்ளே உள்ள வானியல் கடிகாரத்தில் மதியம் 12:30க்கு இயேசுவின் சீடர்கள் வரிசையாக நகர்ந்து வர, மேலே ஒரு சேவல் இறக்கையை அடித்துக் கூவும். பெத்தித் ஃபிரான்ஸ் பகுதியில் மரச்சட்ட வீடுகளின் கூரையை நிமிர்ந்து பாருங்கள், பரண்கள் திறந்திருக்கும். தோல் பதனிடுகிறவர்கள் அங்கேதான் தோலைக் காயப்போட்டார்கள். ஏறி இறங்கும் வேலை குறைவு, வயதானவர்களுக்கு ரொம்ப வசதி.

லியோன் அப்படி இல்லை, நடக்க வைக்கும் ஊர். இரண்டு ஆறு, இரண்டு குன்று. கி.மு. 43இல் ரோமானியர்கள் நிறுவிய ஊர் என்பதால் ஃபூர்வியேர் குன்றின் மேல் அவர்களுடைய திறந்தவெளி அரங்கம் இன்றும் இருக்கிறது. குன்றுக்கு இழுவை ரயில் உண்டு, அக்காவின் முழங்காலைக் காப்பாற்றியது அதுதான். கீழே பழைய லியோன் தெருக்களில் 'த்ராபூல்' என்று சொல்கிற ஊடுவழிகள். சேன் ழான் தெரு 54ஆம் எண் கதவு சாதாரண வீட்டுக் கதவு மாதிரிதான் இருக்கும், தள்ளினால் இருட்டான நடை, அப்புறம் ஒரு முற்றம், மறுபடி நடை, மறுபடி முற்றம் என்று போய் அடுத்த தெருவில் 27ஆம் எண்ணில் வெளியே வந்து நிற்போம். நடுவில் தபால் பெட்டிகள், சாய்த்து வைத்த சைக்கிள், யாரோ வீட்டுச் சமையல் வாசனை. மக்கள் குடியிருக்கிற இடம், மெதுவாகப் பேச வேண்டும். இன்னொரு குன்றான க்ருவா ரூஸ் பட்டு நெசவாளர்களின் குன்று. பூவேலைப்பாடு நெய்கிற ஜக்கார் தறி உயரமானது என்பதால் அதற்கேற்ப நான்கு மீட்டர் உயரத்துக்குக் கூரை வைத்துக் கட்டிய வீடுகள். 1831இல் கூலிக்காக அவர்கள் கிளர்ந்து எழுந்ததும் இங்கிருந்துதான். அத்தானுக்குக் காஞ்சிபுரம் பக்கம், தறி பார்த்து வளர்ந்தவர், அங்கிருந்து அவரைக் கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

ஆனால் நான் லியோனைத் தேர்ந்தெடுத்தது இதற்காக இல்லை. சாயங்காலத்துக்காக. வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் பகலைத்தான் திட்டம் போடுகிறோம். ஆறு மணிக்கு அருங்காட்சியகம் மூடிவிடும், கோயில் மூடிவிடும், கால் வலிக்கும், அதற்கப்புறம் ஐந்து மணி நேரம் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. மூன்று ராத்திரி தங்குகிறோம் என்றால் அதுவே பதினைந்து மணி நேரம். அந்த நேரத்துக்கு ஊர் என்ன தருகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

லியோன் நகராட்சி 1989லேயே ஊருக்கு வெளிச்சத் திட்டம் என்று ஒன்று போட்டு, கட்டடங்கள், பாலங்கள், குன்றுச் சரிவுகள் எல்லாவற்றுக்கும் யோசித்து விளக்கு வைத்திருக்கிறது. ஜூனில் ஒன்பதரைக்குத்தான் சூரியன் விழும். எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து பத்து மணிக்கு வெளியே வந்தால், சரியாக விளக்குகள் ஏறுகிற நேரம். நீதிமன்றத்துக்கு எதிரே சோன் ஆற்றின் மேல் சிவப்புக் கம்பத்தில் தொங்கும் நடைபாலம் ஒன்று உண்டு. அதன் நடுவில் நின்றோம். மேலே ஃபூர்வியேர் பேராலயம், அதற்குக் கீழே நீதிமன்றத்தின் தூண் வரிசை, இரண்டும் தண்ணீரில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன. அக்கா செல்போனை எடுத்தவள் படம் பிடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு காசு செலவில்லை. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரோன் ஆற்றங்கரை, கட்டிப்போட்ட படகுகளில் மதுக்கடைகள், படிக்கட்டுகளில் உட்கார்ந்து பேசும் பிள்ளைகள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். சத்தமும் ஆட்டமும் வேண்டும் என்கிறவர்களுக்குத் தெரோ சதுக்கத்துக்குப் பின்னால் சேன்த் கத்ரீன் தெரு இருக்கிறது, எங்களுக்கு அது ஒத்து வராது. ஜூன், ஜூலையில் போனால் ரோமானிய அரங்கத்தில் நடக்கும் இரவு விழாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள். கல் படியில் உட்கார ஆளுக்கொரு மெத்தைத் துண்டு தருவார்கள், நிகழ்ச்சி பிடித்துப்போனால் முடிந்ததும் கூட்டம் முழுக்க அதை மேடையை நோக்கி வீசும். நூற்றுக்கணக்கில் அவை இருட்டில் பறக்கும்போது அத்தானும் எழுந்து வீசினார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் நான் பார்த்த டிசம்பர் சாயங்காலம் அழகுதான். அங்கே கிறிஸ்துமஸ் சந்தை 1570இலிருந்து நடக்கிறது. ஆனால் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், கடைகள் மூடியதும் பேராலயச் சதுக்கம் சட்டென்று காலி. மாணவர்கள் கூடும் குருத்தெனோ பகுதியில் மதுக்கடைகள் நிறைந்திருந்தன, உள்ளே உட்கார்ந்து குடிக்கிறவர்களுக்கு அது போதும். குடிக்காமல் சும்மா நடந்து ஊரைப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு லியோன்தான். கோடையில் ஸ்ட்ராஸ்பூர்க் இராப்பொழுது வேறு மாதிரி இருக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். லியோனின் 'பூஷோன்' கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உள்ளுறுப்புச் சமையல். அந்தூயேத் என்பது குடலை அடைத்துச் செய்யும் சாசேஜ், நம் வீட்டுக் குடல் குழம்பு பிடித்தவர்களுக்கு அந்த வாசனை தொந்தரவு செய்யாது, மற்றவர்கள் யோசித்துக் கேளுங்கள். கெனெல் என்று பஞ்சு மாதிரி வருவது ஆற்று மீன், மேலே ஊற்றும் குழம்பில் நன்னீர் இறால், அதனால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். அக்காவுக்குப் பூண்டும் மூலிகையும் அடித்த தயிர்ப் பாலாடைக்கட்டி, பாலில் வெந்த உருளைக்கிழங்கு, ரோஸ் நிறப் பிரலீன் இனிப்பு என்று சமாளித்தோம். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் இதே பாடுதான். தார்த் ஃப்லாம்பே என்ற மெல்லிய அப்பத்தின் மேல் பன்றிக்கறித் துண்டுகள் இருக்கும், அது இல்லாமல் போட்டுத் தரச் சொன்னால் தருவார்கள், வெங்காயமும் கிரீமுமாக அருமையாக இருக்கும். விலையும் கைக்கு அடக்கம். சைவத்துக்கு இந்த ஒரு பண்டத்தால் ஸ்ட்ராஸ்பூர்க் முந்துகிறது.

லியோனில் ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நான் ஞாயிறு மாலை போய் இறங்கினேன். தேர்ந்து வைத்திருந்த மூன்று பூஷோன்களும் இரும்புக் கதவு இறக்கியிருந்தன, திங்களும் அப்படியே. கடைசியில் கியோத்தியேர் பக்கம் ஒரு கெபாப் கடையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். இந்தத் தடவை செவ்வாய் போய் வெள்ளி திரும்பினோம், காலையில் சோன் கரைச் சந்தையும் இருந்தது, எல்லாக் கடையும் திறந்திருந்தது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குள், ராத்திரி ஏழு மணிக்கு முன்னால் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், மேசையைப் போனில் சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது, காலையில் போய் ராத்திரி திரும்ப வேண்டும், கூட வருகிறவருக்கு மேடு ஏற முடியாது என்றால் ஸ்ட்ராஸ்பூர்க் போங்கள், யோசிக்கவே வேண்டாம். ராத்திரி தங்குகிறீர்கள் என்றால் லியோன், அதிலும் சோன் ஆற்றுக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள்.