ஹைப்பர்டப்: ஒரு லேபிளைப் பின்தொடர்ந்த அனுபவம்

பாடகரைப் பின்தொடர்வது நமக்குப் பழக்கம். இசையமைப்பாளரைப் பின்தொடர்வதும் அப்படியே. இசைத்தட்டை வெளியிடும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து ஒரு தட்டை வாங்குகிறவர்கள் நம்மிடையே குறைவு. மின்னணு இசையை வெளியிட்டு லண்டனிலிருந்து இயங்கும் ஹைப்பர்டப் என்ற சிறு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், எனக்கு அந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் வெளியீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்டவையும் உண்டு, பாதியில் நிறுத்தியவையும் உண்டு.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்டுவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன். அவர்கள் காதில் விழுந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரிதான். இந்தப் பாடல்களில் பலவற்றின் உயிர் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அடிநாதத்தில் இருக்கிறது. அந்த அதிர்வை எழுப்பும் வலு அவ்வளவு சிறிய ஒலிபெருக்கிக்குக் கிடையாது. விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. காதை முழுவதும் மூடும் சாதாரண ஹெட்போன் போதும். அதில் பேஸைக் கூட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அளந்து வைத்த அடிநாதத்தின் மேல் இன்னும் ஏற்றினால் குரல்கள் சேற்றில் மூழ்கிவிடும்.

கிளாஸ்கோவில் பிறந்து, தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டீவ் குட்மன், கோட்9 என்ற பெயரில் டிஜேயாகவும் இயங்குபவர். ஹைப்பர்டப் முதலில் அவர் நடத்திய இணைய இதழ். 2004இல் லேபிளாக மாறியது. முதல் வெளியீடு அவருடையதே. அதன் மேல் மந்திரம் ஓதுவதைப் போல் பேசிய குரல், பின்னாளில் ஸ்பேஸ்ஏப் என்று அறியப்பட்ட ஸ்டீபன் கோர்டனுடையது.

ஆனால் பெரும்பாலோரை இங்கே அழைத்துவந்தவர் பரியல் என்ற புனைபெயரில் இசையமைப்பவர். என்னையும் அவர்தான் அழைத்துவந்தார். 2007இல் வந்த 'அன்ட்ரூ' ஆல்பம் அடுத்த ஆண்டு, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது, அதைச் செய்தவர் யார் என்பதே வெளியில் தெரியாது. பத்திரிகைகள் துப்புத் துலக்கத் தொடங்கியதும், வில்லியம் பெவன் என்ற தன் பெயரை அவரே சொல்லிவிட்டு மறுபடியும் மறைந்துகொண்டார். தாளத்தைக் கட்டங்களில் அடுக்கித் தரும் சீக்வென்சர் மென்பொருளை அவர் பயன்படுத்தவில்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே தாளத்தை வைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவருடைய டிரம்ஸ் இம்மியளவு முந்தியும் பிந்தியும் விழுகிறது. கணினி இசை என்றாலே உயிரற்றது என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். ஆர் அண்ட் பி என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களிசையின் பாடகர்களுடைய குரலை வெட்டி, சுருதியை ஏற்றி இறக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கிவிடுகிறார். சொற்கள் பாதிதான் புரிகின்றன. ஏக்கம் முழுவதும் புரிகிறது. தட்டின் கீறல் சத்தமும் மழையும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தெருவே இரைச்சலாக இருக்கும் பகலில் கேட்டால் பாதி தொலைந்துபோகிறது. நான் இரவு பத்து மணிக்கு மேல்தான் எடுக்கிறேன்.

'அன்ட்ரூ'வுக்குப் பிறகு ஒரு தசாப்தத்துக்கும் மேலாக அவர் முழு ஆல்பம் எதையும் தரவில்லை. சிறு சிறு வெளியீடுகளாகவே தந்தார். அவற்றைத் தேடி ஒவ்வொன்றாக வாங்குவதைவிட, 2019இல் வந்த 'டியூன்ஸ் 2011–2019' தொகுப்பை வாங்குவதே சிக்கனம். பல உருப்படிகள் பத்து நிமிடத்தைத் தாண்டுபவை. 'கம் டவுன் டு அஸ்' என்பதன் முடிவில், திரைப்பட இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி திருநங்கையாகத் தன் வாழ்வைப் பற்றிப் பேசிய உரையின் துண்டு வருகிறது. அங்கே போய்ச் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியில் இதைக் கேட்பது வீண்.

ஒரு பரியல் விற்றால் இன்னும் பத்துப் பரியல்களைத் தேடிப் போவதுதான் வியாபாரம். குட்மன் அதைச் செய்யவில்லை என்பதே நான் இன்றுவரை இந்த லேபிளை விடாததற்குக் காரணம். 2012இல் லாரல் ஹேலோவின் 'குவாரன்டைன்' வந்தது. பூச்சு எதுவும் இல்லாத வெறும் குரலை அவர் முன்னால் வைத்த விதம் பலருக்கு எரிச்சலூட்டியது. எனக்கும் உடனே ஒட்டவில்லை. இப்போது அடிக்கடி எடுக்கும் தட்டுகளில் அதுவும் ஒன்று. 2013இல் சிகாகோவின் டிஜே ரஷாத் 'டபுள் கப்' தந்தார். நிமிடத்துக்கு 160 அடிகள் ஓடும் ஃபுட்வொர்க் என்ற சிகாகோ நடன இசை அது. கால்களுக்குப் பரபரப்பு, மேலே மிதக்கும் சோல் குரல்களுக்கோ எந்த அவசரமும் இல்லை. அடுத்த ஏப்ரலிலேயே ரஷாத் இறந்துபோனார், வயது 34. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பேஸ்ஏப்பும் போய்விட்டார். லேபிளின் பத்தாவது ஆண்டு அது. அதையொட்டி வந்த நான்கு தொகுப்புகளில் இரண்டாவது, பாடும் குரல்களுக்கானது. புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுப்பது அதைத்தான்.

பிறகு நசார். அங்கோலா உள்நாட்டுப் போரில் யுனிட்டா என்ற கிளர்ச்சிப் படையின் தளபதியாக இருந்தவரின் மகன், பெல்ஜியத்தில் வளர்ந்தவர். 2020இல் வந்த அவருடைய 'கெரில்லா', குடூரோ என்ற அங்கோலா நடன இசையைப் போரின் நினைவுகளோடு பிசைந்த ஆல்பம். தொடர்ந்து இரண்டு முறை என்னால் கேட்க முடிந்ததில்லை. நல்ல தட்டுதான்.

குறைகளும் இருக்கின்றன. ஹைப்பர்டப் முத்திரை இருக்கிறது என்பதற்காகவே கேட்டு, இரண்டாம் முறை தொடாதவை என்னிடம் கணிசமாக உண்டு. சோதனை முயற்சி என்ற பெயரில் சில கலைஞர்கள் கேட்பவரை மறந்தே போகிறார்கள். பரியலின் 2022 வெளியீடான 'ஆன்டிடான்' 40 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. தாளம் ஏறக்குறைய கிடையாது. விமர்சகர்கள் சிலர் உருகினார்கள். எனக்குச் சமையல் முடியாத அடுப்படியில் காத்திருப்பதைப் போல இருந்தது.

வினைல் வாங்குவதை நிறுத்திவிட்டேன். தட்டின் விலையோடு கடல் தாண்டும் அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு தட்டு வளைந்தே வந்து சேர்ந்தது. கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் டிஜிட்டல் கோப்பாக வாங்கினால், எம்பி3யாகவோ ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளம் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. அவசரமில்லாதவர்கள் அந்த வெள்ளிக்காகக் காத்திருக்கலாம்.

இப்போது ஒரே ஒரு தட்டு வாங்கப் பணம் இருக்கிறதென்றால், லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் வளர்ந்த லொரேன் ஜேம்ஸின் 'ஜென்டில் கன்ஃப்ரன்டேஷன்' (2023) வாங்குங்கள். ஏழு வயதில் தந்தையை இழந்ததை '2003' என்ற பாட்டில் அவரே, குரலை உயர்த்தாமல் சொல்கிறார். ஒலி அளவை மட்டும் முன்கூட்டியே குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய டிரம்ஸ் சொல்லிக்கொண்டு வருவதில்லை.